ஐந்தில் வளையாத கிளி

தமிழ் நாட்டில் இரண்டு பேர் ஒரு விஷயத்தைப் பற்றி வாதாடத் தொடங்கினால், மூன்றாம் நிமிஷத்தில் ஒரு பழமொழி வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மேல் வாதம் நடவாது. பழமொழிக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாருக்குத் துணிவு வரும்? வீட்டில் கிளி வளர்ப்பதைப் பற்றிய பேச்சிலும் இப்படியே நேர்கிறது. குஞ்சாக வாங்குவதா, வளர்ந்த கிளியாக வாங்குவதா என்ற கேள்வி பிறந்த உடனே, "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று யாராவது ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். குழந்தைகள் கைதட்டுகிறார்கள். குஞ்சுக்கு ஆள் போகிறது.

இந்தப் பழமொழியின் மீது நமக்கு விரோதம் ஒன்றும் இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதற்கு அது மிகவும் உபயோகமான பழமொழி. ஆனால் கிளி விஷயத்தில் அது சரிதானா என்று ஒரு முறை விசாரித்துப் பார்ப்பது நல்லது. ஏனென்றால், இந்த ஒரு வாக்கியத்தை நம்பி வருஷந்தோறும் எத்தனையோ மரப்பொந்துகள் உடைபடுகின்றன.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். இந்த எண்ணம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் நானூறு வருஷங்களுக்கு முன் க்டீசியஸ் என்ற கிரேக்கர் இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இந்தியக் கிளி இந்தியப் பாஷை பேசும் என்றும், கிரேக்கம் கற்பித்தால் கிரேக்கமும் பேசும் என்றும் அதில் வியந்து சொன்னார். பிறகு நம் கிளிகள் மேல்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. பெரிய பச்சைக்கிளிக்கு அலெக்ஸாந்தர் சக்கரவர்த்தியின் பெயரையே அவர்கள் சூட்டிவிட்டார்கள். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்புலேயஸ் என்ற ஆசிரியர், கிளியை இரண்டு வயதுக்குள் பிடித்துப் பழக்க வேண்டும், வயதான பிறகு பிடித்தால் அது கற்காது, கற்றதையும் மறந்துவிடும் என்று எழுதி வைத்தார். அவருக்கு முந்திய பிளினி என்பவரோ, பாடம் கற்பிக்கும்போது கிளியை இரும்புக் கோலால் தலையில் அடிக்க வேண்டும் என்கிறார். ஆகவே, ஐந்தில் வளைக்கும் சாஸ்திரம் ரோமாபுரியிலும் இருந்தது; அதனுடன் அடிக்கும் சாஸ்திரமும் இருந்தது.

குஞ்சுதான் வேண்டும் என்பவர்கள் மூன்று காரணங்கள் சொல்லுகிறார்கள். குஞ்சு பேசக் கற்கும். குஞ்சு நம்மிடம் ஒட்டிக்கொள்ளும். குஞ்சு நெடுநாள் இருக்கும். மூன்றும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றன. இந்த நியாயங்களை நீலகிரி மலையில் ஒரு வீட்டில் கேட்கும் சந்தர்ப்பம் நமக்கு வாய்த்தது. அதைச் சொல்லிவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரிக்குப் போகும் பாதையில் தேவர்சோலை இருக்கிறது. உதகமண்டலத்தைப் போல் நடுக்கும் குளிர் இங்கே இல்லை. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் மழை தொடங்கினால் சுவர் வியர்க்கும், துணி உலராது. சுற்றிலும் தேயிலை, தேயிலைக்கு நிழல் தர சில்வர் ஓக் மரங்கள், இடையிடையே துரைமார் காலத்தில் வெட்டுவதற்கு மறந்துபோன பழைய காட்டு மரங்கள். வடக்கே முதுமலை வனம். கடைவீதியில் ஐந்து நிமிஷம் நின்றால் தமிழ், மலையாளம், கன்னடம் மூன்றும் காதில் விழும். பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடி மக்களின் பேச்சும் கேட்கும். இவற்றுக்கெல்லாம் மேலே மரத்து உச்சியில் இன்னொரு பாஷை கேட்கும். அது கிளிகளின் பாஷை.

இந்த மலைக்குக் கிளி புதிதன்று. நம்முடைய பழைய இலக்கணக்காரர்கள் கிளியைக் குறிஞ்சி நிலத்துக்கு உரிய பறவையாகவே வைத்தார்கள். தினைப்புனத்தில் பரண்மேல் இருந்து தட்டையும் கவணும் கொண்டு கிளி ஓட்டிய பெண்களைச் சங்கப் பாட்டுக்களில் காணாதவர் யார்? அந்தக் கிளிகளின் சந்ததி இன்னும் இங்கே பறக்கின்றது. ஆண் கிளிக்குப் பழுத்த நாவற்பழம் போன்ற தலையுள்ள ஜாதி ஒன்று. வௌவாலைப் போல் தலைகீழாகத் தொங்கித் தூங்கும் சிட்டுக்கிளி ஜாதி ஒன்று. நீலச் சிறகும், நுனியில் மஞ்சள் தோய்ந்த நீல வாலும் உள்ள மலைக்கிளி மற்றொன்று. இந்தக் கடைசி ஜாதி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அமெரிக்காவில் எத்தனை கோடீசுவரர் இருந்தாலும், அவர் தம் வீட்டு ஜன்னலைத் திறந்து இந்தக் கிளியைப் பார்க்க முடியாது. தேவர்சோலையில் தேயிலை கிள்ளும் கூலிக்காரி நிமிர்ந்தால் பார்க்கலாம்.

நாம் சொன்ன வீடு இந்த ஊரில் உள்ளது. நண்பர் ஒரு தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். அவருக்குப் பத்து வயதில் ஒரு பெண். அவளுக்குக் கிளி வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் தோன்றியிருந்தன. பக்கத்துத் தோட்டத்துப் பழைய மரம் ஒன்றின் பொந்தில் மலைக்கிளி குஞ்சு பொரித்திருக்கிறது. ஒரு பையன் ஏறி எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தான். இது முதல் வழி. கோயமுத்தூரில் இருக்கும் உறவினர் ஒருவர் குடும்பத்தோடு வெளிநாடு போகிறார். அவர் வீட்டில் எட்டு வயதான காக்டீல் ஒன்று இருக்கிறது. கூண்டோடு கொடுக்கத் தயார். இது இரண்டாம் வழி. காக்டீல் என்பது ஆஸ்திரேலிய தேசத்துச் சிறு கிளி. தலையில் கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சு வர்ணப் பொட்டும் உள்ளது. அங்கிருந்து போன குஞ்சுகளின் வம்சம் இப்போது எல்லாத் தேசங்களிலும் கூண்டுகளிலேயே பெருகி வருகிறது.

நண்பர் பழமொழியைச் சொல்லித் தீர்ப்பளித்தார். பெண்ணும் குஞ்சின் கட்சியில் சேர்ந்தாள். அப்போது திண்ணையில் உட்கார்ந்திருந்த நண்பரின் தாயார் வாய் திறந்தார். அந்த அம்மாளுக்கு எண்பது வயது ஆகப்போகிறது. இலங்கையில் அட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ஆம் வருஷத்தில் லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும், மூன்று லட்சம் பேர் இலங்கையில் இருக்கலாம் என்று கணக்கு எழுதப்பட்டது. அந்தக் கணக்கில் ஒரு புள்ளியாக 1973-இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கியவர் அவர். அவருடைய கணவருக்குப் பந்தலூர்ப் பக்கத்தில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது.

"தம்பி, ஐந்தில் வளையாதது என்று இவன் பழமொழி சொல்றான். நான் இந்தக் கரைக்கு வந்தப்போ எனக்கு இருபத்தேழு வயசு. கையிலே ஒரு பிள்ளை, வயிற்றிலே இவன். பிறந்த ஊரை விட்டு, அம்மா சமாதியை விட்டு வந்தோம். இங்கே வந்தால் கடைக்காரன் பேச்சு புரியலை. நம்ம பேச்சைக் கேட்டு 'சிலோன்காரி' என்று சிரிப்பாங்க. ஆறு மாசம் நான் வீட்டு வாசலைத் தாண்டி யாரோடேயும் பேசினதில்லை. அப்போ என்னை யாராவது 'இது கிழக்கிளி, பேசாது' என்று திருப்பி அனுப்பினாங்களா? பக்கத்து லயத்திலே ஒரு மலையாளத்து அம்மா தினம் வந்து சும்மா உட்கார்ந்திருப்பாள். அவளாலேதான் எனக்கு வாய் திறந்தது. அந்தக் கோயமுத்தூர்க் கிளி தன் வீட்டை இழந்துட்டு வருது. மரத்திலே இருக்கிறது தன் வீட்டிலே இருக்கு. எதைக் கொண்டுவரணும் என்று நீயே சொல்லு."

நண்பர் பதில் சொல்லவில்லை. பெண் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்பாயி, அது எட்டு வருஷமா என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே வழக்கு முடிந்துவிட்டது. சில நாளில் காக்டீல் வந்து சேர்ந்தது. பொந்திலிருந்த குஞ்சுகளும் பிழைத்தன.

மூதாட்டியின் வார்த்தை மனத்தைத் தொடுகிறது. ஆனால் மனத்தைத் தொடுவது வேறு; உண்மையாயிருப்பது வேறு. ஆகையால் குஞ்சுக் கட்சியாரின் மூன்று காரணங்களையும் இனி ஒழுங்காகப் பார்ப்போம்.

பேச்சு முதலாவது. இந்த விஷயத்தில் உலகப் பிரசித்தி பெற்ற சாட்சி ஒன்று உண்டு. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி 1977-இல் சிகாகோ நகரத்துக் கடையொன்றில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றை வாங்கினார். அப்போது அதற்கு வயது சுமார் ஒன்று. ஊட்டிக் கொடுக்கும் குஞ்சுப் பருவம் கடந்துவிட்டது. கடைக்காரரையே ஏதாவது ஒன்றை எடுத்துத் தரச் சொன்னார். அலெக்ஸ் என்று பெயரிடப்பட்ட அந்தக் கிளி நூற்றுக்கு மேற்பட்ட பெயர்களைக் கற்றது; நிறமும் வடிவமும் சொல்லிற்று; எண்ணிற்று. இரண்டு பொருள்களுக்குள் வித்தியாசம் என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லாதபோது "இல்லை" என்று சொல்லிற்று. அந்த "இல்லை"யைப் பூஜ்யம் போல் எண்ணிக்கையிலும் அது உபயோகித்ததை 2005-இல் வெளியிட்டார்கள். அப்போது அலெக்ஸுக்கு ஏறக்குறைய முப்பது வயது. 2007-இல் அது இறக்கும் வரையில் பாடம் நடந்துகொண்டேயிருந்தது. அப்புலேயஸ் சொன்ன இரண்டு வயதுக் கணக்கு இங்கே பொய்த்துவிட்டது. அலெக்ஸின் ஆசிரியை இரும்புக் கோலையும் உபயோகிக்கவில்லை. கிளிக்கு எதிரில் இரண்டு மனிதர்கள் ஒருவரோடொருவர் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்வார்கள். கிளி அதைப் பார்த்துப் பேச்சில் தானும் கலந்துகொள்ளும். பேசக் கற்பதற்கு வேண்டியது இளம் நாக்கு அல்ல, பேசும் கூட்டம் என்பது இதிலிருந்து தெரிகிறது.

காட்டிலும் அப்படியே. வெனிசூலா தேசத்தில் ஒரு சிறு கிளி ஜாதியை ஆராய்ந்தவர்கள், தாய்தந்தையர் ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனி அழைப்பொலி ஒன்றைக் கொடுப்பதைக் கண்டு 2011-இல் எழுதினார்கள். நாம் "கிளிப்பிள்ளை" என்று சொல்வது எவ்வளவு பொருத்தம்! அதற்கு உண்மையிலேயே பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருக்கிறது. அதைப் பறித்துவிட்டு நாம் வேறு பெயர் சூட்டுகிறோம்.

இரண்டாவது, ஒட்டிக்கொள்ளும் விஷயம். கண் திறக்காத குஞ்சைக் கொண்டுவந்து ஊட்டி வளர்த்தால் பாசம் மிகும் என்று நினைக்கிறார்கள். பிறந்த குஞ்சுக்கு இரவு பகலாக இரண்டு மணிக்கொரு தரம் ஊட்ட வேண்டும். கூழின் சூடு சற்று ஏறினால் தீனிப்பை வெந்துபோகும். சற்றுக் குறைந்தால் செரிக்காமல் தேங்கிப் புளிக்கும். அவசரப்பட்டால் மூச்சுக் குழலில் புகும். இவ்வளவும் தெரிந்தவர்களுக்கே குஞ்சுகள் தவறிப் போகின்றன. தப்பிப் பிழைத்த குஞ்சு உங்களைத் தாயாகக் கருதலாம். ஆனால் அதற்கு வயது வந்ததும் கதை மாறும். நேற்று வரையில் தோளில் உறங்கிய கிளி, பருவம் அடைந்ததும் கடிக்கத் தொடங்குகிறது. அதற்குள் மனிதன் வேறு, தான் வேறு என்ற அறிவே வளரவில்லை. மற்றக் கிளிகளோடு பழகவும் தெரியவில்லை. பெரிய ஜாதிக் கிளிகள் தம் இறகைத் தாமே பிடுங்கிக்கொள்ளும் துயரத்தைப் பறவை வைத்தியர்கள் நன்கு அறிவார்கள்.

அன்பு வேண்டுமானால் குஞ்சைப் பிரித்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. 1999-இல் கலிபோர்னியாவில் அமேசான் கிளிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். குஞ்சுகளைத் தாயிடமே விட்டு, தினம் சிறிது நேரம் மட்டும் கையில் எடுத்துப் பழக்கினார்கள். அவை கையால் ஊட்டி வளர்த்த குஞ்சுகளைப் போலவே சாதுவாயின. நெதர்லாந்து தேசத்தார் 2014-இல் ஒரு படி மேலே போய், குறித்த வயதுக்கு முன் கிளிக்குஞ்சைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது என்று விதியே செய்துவிட்டார்கள்.

வளர்ந்த கிளியிடம் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. அதன் குணம் முன்பே தெரியும். குஞ்சு வாங்குவது நாற்று வாங்குவதைப் போன்றது. காய்க்குமா, காய்த்தாலும் இனிக்குமா என்று சொல்ல முடியாது. வளர்ந்த கிளி காய்த்து நிற்கும் மரம். அது கத்துமா, கடிக்குமா, குழந்தைகளைக் கண்டால் மிரளுமா, சீழ்க்கை அடிக்குமா எல்லாவற்றையும் வைத்திருந்தவரிடம் கேட்டறியலாம். காக்டீலில் ஆணே பெரும்பாலும் சீழ்க்கையடிக்கும், சில வார்த்தையும் சொல்லும். குஞ்சுப் பருவத்தில் ஆண் பெண் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். எட்டு வயதில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

மூன்றாவது, நெடுநாள் இருக்கும் என்பது. இது உண்மை. அதுதான் பயமாயிருக்கிறது! பட்ஜரிகர் என்னும் சிறு ஜாதி ஐந்து முதல் பத்து வருஷம் வரையிலும், காக்டீல் பதினைந்து இருபது வருஷமும், சாம்பல் கிளி நாற்பது வருஷத்துக்கு மேலும், பெரிய மக்காவ் ஐம்பது வருஷத்துக்கு மேலும் வாழக்கூடும். பத்து வயதுக் குழந்தையின் ஆசைக்காக வாங்கிய கிளி, அந்தக் குழந்தை காலேஜுக்குப் போகும்போதும், கல்யாணமாகிப் போகும்போதும் கூண்டிலேயே இருக்கும். அறுபது வயதானவர் சாம்பல் கிளிக் குஞ்சை வாங்குவாரானால், உயிலில் அதற்கும் ஓர் இடம் எழுத வேண்டும். நாம் நெடுநாள் இருக்கும் பறவையை விரும்புகிறோம்; ஆனால் நம் விருப்பம் அவ்வளவு நாள் இருப்பதில்லை. வளர்ந்த கிளிகள் வீடு தேடி அலைவதற்குக் காரணமே அதுதான்.

இவ்வளவு சொன்னதும், "அப்படியானால் கூண்டிலே வளர்ந்த பச்சைக்கிளி ஒன்றைக் கிழக்கிளியாகப் பார்த்து வாங்கிவிடலாமா?" என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். கூடாது. இங்கே சட்டம் குறுக்கிடுகிறது. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுக் கிளிகளைக் காக்கிறது. அந்தச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் புதிய அட்டவணைகளோடு அமலில் இருக்கிறது. பச்சைக்கிளியோ மலைக்கிளியோ, குஞ்சோ கிழமோ, பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வீட்டில் வைப்பதும் குற்றம். மூன்று வருஷம் வரையில் சிறையும், லட்சம் ரூபாய் வரையில் அபராதமும் விதிக்க இடமுண்டு. 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு சினிமா ஹாஸ்ய நடிகர் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறையார் எடுத்துச் சென்று, இரண்டரை லட்சம் ரூபாய் வசூலித்தார்கள். அதே வருஷத்தில் மதுரை வனத்துறையார், கிளி வைத்திருப்போர் ஒப்படைத்துவிட வேண்டும் என்று அறிவித்தார்கள். அம்மன் கையில் கிளி ஏந்தியிருக்கும் ஊரில், முன்னாளில் கோயிலிலேயே கிளிக்கூண்டு மண்டபம் வைத்துக் கிளிகளுக்கு மீனாட்சி நாமம் கற்பித்த ஊரில், இப்படி ஓர் அறிவிப்பா என்று சிலர் வருந்தினார்கள். நமக்கு வருத்தமில்லை. மீனாட்சி அம்மன் கையிலுள்ள கிளி கூண்டில் இல்லை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை போலும்!

சட்டம் இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் பொந்தில் இருக்கிறது. மலைக்கிளி தை, மாசி மாதங்களில் உயர்ந்த பழைய மரங்களில் மரங்கொத்தியும் குக்குறுவானும் விட்டுப்போன பொந்துகளில் முட்டையிடுகிறது. தானே புதிதாகப் பொந்து குடைய அதன் மூக்குக்கு வலிமை போதாது. இருப்பதைப் பெரிதாக்கிக்கொள்ள மட்டும் முடியும். தேயிலைக்கு நிழல் தரும் இளம் சில்வர் ஓக்கில் அப்படிப்பட்ட பொந்து ஏது? ஆகவே தோட்டத்துக்கு நடுவே எஞ்சியிருக்கும் ஒரு பழைய மரம் கிளிகளுக்கு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. குஞ்சு எடுப்பவன் கைவிட்டு எடுக்க முடியாமல் பொந்தை வெட்டி அகலமாக்குகிறான். சில சமயம் கிளையையே தறிக்கிறான். குஞ்சு மட்டும் போகவில்லை. அடுத்த வருஷம் வரவேண்டிய குஞ்சுகளின் வீடும் போகிறது. எடுத்த குஞ்சுகளில் வழியிலேயே இறப்பவற்றின் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

ஏற்கெனவே நம் நாட்டுக் கிளி வைத்திருப்பவர்கள் வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். தேவர்சோலைக்காரர்களுக்குக் கூடலூரிலேயே வனக்கோட்ட அலுவலகம் இருக்கிறது. "சுதந்திரம் கொடுத்தேன்" என்று கூண்டைத் திறந்து தாமே பறக்கவிடுவது தர்மம் ஆகாது. சிறகு வெட்டிய கிளிக்கு இறகு உதிர்ந்து புதிதாக முளைக்க மாதக்கணக்கில் ஆகும். இரை தேடவும் பருந்தைக் கண்டு ஒளியவும் அது மறந்திருக்கும். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதையாக முடியும். பொந்திலிருந்து தவறி விழுந்த குஞ்சைக் கண்டால், எட்டினால் பொந்திலேயே திரும்ப வைக்கலாம். எட்டாவிட்டால் ஒரு கூடையில் வைத்து அதே மரத்தில் கட்டிவிட்டு விலகி நிற்கலாம். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் கட்டுக்கதை. தாய்க்கிளி குரல் கேட்டு வந்து ஊட்டும்.

சட்டத்துக்கு உட்பட்டு வீட்டில் வளர்க்கக்கூடியவை வெளிதேசத்துக் கிளிகளே. அவற்றிலும் ஒரு பாகுபாடு உண்டு. சர்வதேச வாணிப உடன்படிக்கையின் அட்டவணையில் உள்ள சாம்பல் கிளி, மக்காவ் முதலியவற்றை, 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசாங்கத்தின் பரிவேஷ் இணைய தளத்தில் பதிவு செய்ய வேண்டும். சாம்பல் கிளியைக் காட்டிலிருந்து பிடித்து விற்பது அளவு மீறிப் போனதனால், 2016-இல் ஜோஹானஸ்பர்க்கில் கூடிய மகாநாட்டில் அதை மிகக் கடுமையான முதல் அட்டவணையிலேயே சேர்த்துவிட்டார்கள். பட்ஜரிகரும் காக்டீலும் அந்த அட்டவணைகளில் இல்லை. முதன்முதல் கிளி வளர்க்கும் குடும்பத்துக்கு அவையே ஏற்றவை.

இனி வளர்ந்த கிளியை எப்படிப் பார்த்து எடுப்பது? வயதை அறியச் சில அடையாளங்கள் உண்டு. பட்ஜரிகர்க் குஞ்சுக்கு நெற்றி முழுவதும் கோடுகள் மூக்கு வரையில் இறங்கும். மூன்று நான்கு மாதத்தில் அவை மறைந்துவிடும். சாம்பல் கிளிக்கு இளமையில் கண்மணியைச் சுற்றிக் கருமையாயிருக்கும். வயது ஏற ஏற வெளிர் மஞ்சளாகும். காலில் மூட்டில்லாத முழு வளையம் இருந்தால் மிக நல்லது. அந்த வளையத்தைப் பிறந்த சில வாரங்களுக்குள்தான் மாட்ட முடியும். ஆகையால் அது கூண்டில் பிறந்ததற்குச் சாட்சி. வருஷமும் அதில் பொறித்திருக்கும். மூக்குத் துவாரம் உலர்ந்திருக்க வேண்டும். மூச்சு விடும்போது வால் ஏறி இறங்கக் கூடாது. பின்புறம் சுத்தமாயிருக்க வேண்டும். கொடுப்பவரிடம் "ஏன் கொடுக்கிறீர்கள்?" என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். எச்சத்தின் தூசியால் மனிதருக்குப் பரவும் கிளிக்காய்ச்சல் ஒன்று உண்டு. 1929-30-இல் அது பல தேசங்களில் பரவிப் பலரைக் கொன்றது. ஆகையால் கால்நடை வைத்தியரிடம் ஒரு முறை காட்டிவிட்டு வீட்டில் வைப்பது உத்தமம். வேறு பறவை இருந்தால் ஒரு மாதமாவது தனி அறையில் வைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் விதி, அவசரப்படாமல் இருத்தல். பழைய கூண்டு, பழைய ஊஞ்சல், பழைய தீனி எல்லாம் அப்படியே சில வாரம் இருக்கட்டும். வெறும் சூரியகாந்தி விதையிலேயே வளர்ந்த கிளியாயிருந்தால் கீரை, காரட், முளைகட்டிய பயறு இவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். விதை மட்டும் தின்றால் ஈரலில் கொழுப்பு ஏறும். நீலகிரிக்காரர்கள் இரண்டு விஷயத்தில் விசேஷ ஜாக்கிரதை கொள்ள வேண்டும். மலைச்சரிவில் தாராளமாக விளையும் பட்டர் புரூட் என்னும் வெண்ணெய்ப் பழம் கிளிக்கு விஷம். மழைக்காலத்தில் நிலக்கடலையில் பூஞ்சணம் பிடிக்கும், அதுவும் விஷம். கூண்டை அடுப்புப் புகையும் ஈரக் காற்றும் படாத இடத்தில் வைக்க வேண்டும். காக்டீல் இருட்டில் திடுக்கிட்டு எழுந்து சிறகடித்துக் காயப்படுத்திக்கொள்ளும் சுபாவமுள்ளது. இரவில் சிறு விளக்கு ஒன்று எரியட்டும்.

இரண்டாவது விதி, கூண்டுக்குள் கை நுழைக்காதிருத்தல். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏதாவது உரக்க வாசிக்கலாம். இந்தப் பத்திரிகையையே வாசிக்கலாம், கிளி ஆட்சேபிக்காது. பத்து நாளோ, மூன்று மாதமோ, ஒரு நாள் அது தானே கம்பியருகில் நகர்ந்து வரும். லயத்து வாசலில் தினம் வந்து சும்மா உட்கார்ந்திருந்த மலையாளத்து அம்மாள் செய்த வைத்தியமும் இதுதான்.

குஞ்சே வேண்டும் என்று பிடிவாதம் செய்வோருக்கும் வழி இல்லாமல் இல்லை. தானாகத் தின்னக் கற்று, சிறகு முளைத்து, கூட்டத்தோடு சில வாரம் இருந்த குஞ்சாக, காலில் வளையமும் கையில் ரசீதும் உள்ளதாகப் பார்த்து வாங்கலாம். "இன்னும் ஊட்ட வேண்டும், அப்போதுதான் பழகும்" என்று சொல்லி மலிவாகக் கொடுக்கும் கடையை விட்டு நடையைக் கட்டுவது நலம். அதே தெருவில் வீடு மாறும் ஒருவரிடம், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஒரு கிழக்கிளி இருக்கவும் கூடும், விசாரித்தால் தெரியும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். கிளி வளைகிறது, எட்டிலும் வளைகிறது, முப்பதிலும் வளைகிறது. வளைய மறுப்பது பெரும்பாலும் கூண்டுக்கு வெளியே இருக்கும் நாம்தான். நம் வீட்டு நேரத்தையும், அடுப்பங்கரையின் இடத்தையும், ஊருக்குப் போகும் திட்டத்தையும் ஒரு பறவைக்காகக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். முடியுமானால் வீடிழந்த ஒரு கிளிக்கு வீடு கொடுக்கலாம். முடியாதென்றால் அதுவும் நல்ல பதிலே. முற்றத்து மரத்தை வெட்டாமல் வைத்திருந்தால் போதும். இலவோ, முருக்கோ, அத்தியோ பூத்துக் காய்க்கும் காலத்தில் கிளிகள் தாமாகவே வரும். அவற்றுக்குக் கூண்டும் வேண்டாம், ரசீதும் வேண்டாம், வயதும் கேட்க வேண்டாம்.